டத்தோ வீரையனின் நடை

"ராஜாவுக்குக் கும்பிடு போட்டுப் பட்டம் வாங்கினவருக்கு எங்க சங்கத்துலேருந்து மாலை கிடையாது" என்று பக்கிரி முடிவாகச் சொல்லிவிட்டார்.

பக்கிரி, கீழத்தெரு விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். கூலி உயர்வுப் போராட்டத்தில் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். அவர் சொன்னால் தெருவே கேட்கும்.

வீரையனும் அதே தெருவில் பிறந்தவர்தான். இருபது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். மலேசியாவில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூன்று பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார். அதற்காக அங்கே ஒரு மாநிலத்து சுல்தான் அவருக்கு ‘டத்தோ’ பட்டம் கொடுத்திருக்கிறார். பட்டத்தோடு இப்போதுதான் முதல் தடவையாக ஊருக்கு வந்திருக்கிறார். மறுநாள் பாராட்டு விழா.

அவர் தங்கியிருந்த தம்பி வீட்டில் காலையிலிருந்து ஒரே கூட்டம்.

"டத்தோன்னா கலெக்டர் மாதிரியாண்ணே?" என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் கேட்டாள்.

"அதிகாரமெல்லாம் ஒண்ணும் கிடையாது தங்கச்சி. பேருக்கு முன்னாடி போட்டுக்கலாம்."

"உங்க காலத்துக்கப்புறம் மவனுக்கு வந்துருமா?"

"ராஜா பதவிதான் ராஜா வீட்டுப் புள்ளைக்குப் போகும். இது ராஜாவாப் பார்த்துக் குடுக்குறது. என்னோட சரி. தப்புத்தண்டா பண்ணினா நடுவுலயே புடுங்கிக்குவாங்க."

தங்கம்மாளுக்கு இது சரியாகப் படவில்லை. "குத்தகை நெலமே அப்பனுக்கப்புறம் மவனுக்கு வருது. இது அதைவிடக் கொறைச்சலால்ல இருக்கு?"

"பொண்டாட்டிக்கு மட்டும் பங்கு உண்டு. இவ இப்ப டத்தின்."

அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்த டத்தின் பூவம்மாள், வெட்கம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீடே சிரித்தது.

கூட்டம் கலைந்த பிறகு வீரையன் மனைவியிடம் சொன்னார். "மேலத்தெரு மாலை விழாட்டிப் போவுது. நம்ம தெருக்காரன் கையால ஒண்ணு விழுந்தாத்தான் எனக்கு அது பட்டம்."

மறுநாள் விழாவுக்குத் தலைமை மிராசுதார் ரெங்கசாமி. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மச்சினன், மாமியார், தொட்டிலில் கிடந்த பேத்தி என்று ஆளுக்குக் கொஞ்சமாக வயலை எழுதிவைத்துவிட்டு, தோளில் கட்சிக்கரைத் துண்டைப் போட்டுக்கொண்டவர். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் சமத்துவம்தான்.

மைக்கைப் பிடித்தார்.

"நம்ம நாட்டுல மன்னர் மானியத்தையே ஒழிச்சு நாலு வருஷமாச்சு. மனுசனுக்கு மனுசன் குனியக் கூடாதுன்னு சொல்ற ஊரு இது. நம்ம வீரையன் என்னடான்னா, கடல் தாண்டிப் போய் ஒரு ராஜாவைக் கும்பிட்டுட்டு, முதுகைக் காட்டக் கூடாதுன்னு பின்பக்கமாவே நடந்து வந்தாராம். பேப்பர்ல போட்டிருக்கான். அப்புறம் சுயமரியாதை என்னாவறது?"

மேலத்தெரு சிரித்தது. பந்தல் ஓரத்தில் கைகட்டி நின்ற பக்கிரிகூட, சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பூவம்மாளுக்குக் கண் கலங்கியது. இந்த ஊருக்கு வந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

வீரையன் எழுந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"ஐயா சொன்னது வாஸ்தவம்ங்க. பின்பக்கமாத்தான் நடந்தேன். அதுக்கு முந்தின நாளு அரண்மனையில ஒத்திகை உண்டு. பட்டம் வாங்க வந்தவங்க பன்னெண்டு பேரு. ஒரு சீனரு, பெரிய வியாபாரி, மூணாவது அடியில கம்பளம் தடுக்கி மல்லாக்க விழுந்துட்டாரு. டாக்டர் ஒருத்தரு தூண்ல போயி முட்டிக்கிட்டாரு. அவங்களுக்கெல்லாம் சாயங்காலம் வரைக்கும் ஒத்திகை நடந்துச்சு."

இப்போது இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தன.

"என்னை மட்டும் ஒரே தடவை நடக்கவிட்டுப் பார்த்துட்டு, நீங்க போயி காப்பி சாப்பிடுங்கன்னுட்டாரு அதிகாரி. இவ்வளவு சுத்தமா நடக்க எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாருங்க."

மிராசுதாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, "என்னா சொன்னே?" என்றார்.

"எங்க ஊர்லதான்னு சொன்னேங்க. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, கூலி நெல்லைத் தலையில தூக்கிக்கிட்டு, ஐயா வீட்டு வாசல்லேருந்து பின்பக்கமாத்தானுங்களே நாங்க எல்லாரும் நடந்து வருவோம். பத்து வயசுலேருந்து பழக்கம்."

மிராசுதாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

பக்கிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினார். மாலை வாங்கி வரவில்லையே என்று ஒரு கணம் தவித்தார். பிறகு தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து வீரையன் தோளில் போட்டு, அவரை அப்படியே கட்டிக்கொண்டார். கீழத்தெருக்காரர்கள் அடித்த விசிலில் மைக் அலறியது. பூவம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சத்தம் அடங்கியதும் வீரையன் மைக்கை மிராசுதார் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒரே ஒரு வித்தியாசம்தானுங்க, ஐயா. நடந்து முடிச்சதும் அந்த ராஜா எங்களைக் கூப்பிட்டு, பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டாரு."