ஊருக்கு ஒரு மெஷின்

“கேட்டியே றிஸானா, உவன் ஜெரோசனும் அந்த மெஷினுக்கு விலை கேட்டிருக்கிறானாம்! மெஷின் விக்கிற ஏஜென்ட் சொல்லுறான்.”

போனை வைத்த கையோடு நஸ்ருதீன் போட்ட சத்தத்தில், பல் அச்சுகளுக்குப் பேர் ஒட்டிக்கொண்டிருந்த றிஸானா திடுக்கிட்டுப்போனாள்.

யாழ்ப்பாணம் ரவுணில் புருசனும் பெண்சாதியுமாகப் பல்லுக் கட்டும் லாப் நடத்துகிறார்கள். பருத்தித்துறை டொக்டர்மார்கூட அவர்களிடம்தான் வேலை கொடுப்பார்கள். மெட்டல் பல்லு மட்டும் கொழும்புக்குப் போய்த்தான் வரும். அதை இங்கேயே வெட்டுகிற மெஷின் வாங்க மனுசன் மாசக்கணக்காய் மண்டையை உடைத்தார். மெஷின், மெட்டல் டிஸ்க், அதை வெட்டுகிற பிட் என்று எல்லாச் செலவையும் கூட்டிக் கழித்துக் கண்ட முடிவு ஒன்றுதான். ஊரில் ஒரு மெஷின் என்றால் பிழைக்கலாம். இரண்டு வந்தால் இரண்டு பேரும் கதவைப் பூட்டவேண்டியதுதான்.

ஜெரோசனின் லாப் அடுத்த தெருவில்தான்.

“நானா, நானா எண்டு சொந்த அண்ணனைப்போலை வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சவன். பாத்தியே வேலையை!”

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஜெரோசனின் மோட்டார்சைக்கிள்.

“நானா, மெட்டல் மெஷின் விசயமாய் உங்களோடை கொஞ்சம் கதைக்கோணும்.”

நஸ்ருதீனின் முகம் செத்தவீட்டுக்குப் போனவர் முகம்போல் மாறிவிட்டது.

“ஐயோ தம்பி, அந்தக் கதையை எடுக்காதையும். நான் அட்வான்ஸ் குடுத்து மாட்டுப்பட்டிட்டன். நீராவது தப்பும்.”

“ஏன் நானா?”

“மெட்டல் லேசுப்பட்ட சாமானே? ரெண்டு பல்லு வெட்ட பிட் மொட்டையாப் போயிடும். டிஸ்க் முக்கால்வாசி தூளாத்தான் கொட்டும். மெஷின் துள்ளுற துள்ளலுக்கு நிலத்துக்குக் கொங்கிறீற் போடோணும். கறண்ட் பில்லோ... அதை ஏன் கேக்கிறீர்!”

“அவ்வளவு செலவே?”

“ஓம் தம்பி. என்ரை விதி, இனி விலகேலாது.”

“பாவம் நானா நீங்கள்,” என்று பெருமூச்சு விட்டபடி ஜெரோசன் போய்விட்டான்.

நஸ்ருதீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எப்பிடி என்ரை நடிப்பு?”

“குடுக்காத அட்வான்ஸைக் குடுத்தனெண்டு வாய் கூசாமல் சொல்லிப்போட்டு, பிஸ்மி சொல்லிப் பிளேன்ரீ குடிக்கிறீங்களே! நல்லா இருக்கு,” என்றாள் றிஸானா. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

“வியாபாரம் எண்டால் அப்பிடித்தான். நாளைக்கே காசைக் கட்டிப்போடுவன்.”

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்த மனுசன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, ஜெரோசன் திரும்பவும் வந்து நின்றான். கையில் ஒரு கேக்குப் பெட்டி.

“நானா, ஏஜென்டோடை கதைச்சன்.”

நஸ்ருதீன் கேக்குப் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிட் கனகாலம் பாவிக்கலாமாம். கொங்கிறீற்றும் தேவையில்லையாம். நீங்கள் அட்வான்ஸும் குடுக்கேல்லையாம்.”

நஸ்ருதீன் தலையைக் குனிந்துகொண்டார். றிஸானா எதையோ துடைக்கிற சாட்டில் அந்தப் பக்கம் திரும்பினாள். மனுசனுக்கு நல்லாய் வேணும் என்று அவளுக்கே தோன்றியது.

“நானும் கணக்குப் பாத்தனான் நானா. ரெண்டு மெஷினுக்கு இஞ்சை வேலை காணாது. ஒருத்தர் வாங்கினால் மற்றவர் லாப்பைப் பூட்டோணும். காலமை அதைக் கதைக்கத்தான் வந்தனான். நீங்கள் என்னை வாய் திறக்க விட்டால்தானே!”

“தம்பி, நான் வந்து...”

ஜெரோசன் வாய்விட்டுச் சிரித்தான். கேக்குப் பெட்டியை றிஸானாவிடம் நீட்டினான்.

“வெட்டுங்கோ அக்கா. ரெண்டு லாப்புக்கும் சேர்த்து ஒரு மெஷின். ஓடரிலை நானாவின்ரை பேரை முதலாவதாய்ப் போட்டு, அட்வான்ஸையும் கட்டிப்போட்டுத்தான் வாறன்.”