புலி பார்த்த மீன்தலை

பழைய டி.வி.யில் புலி வந்தால் ஏதோ கம்பளிப் போர்வை நடந்துபோகிற மாதிரிதான் இருக்கும். சாம்பி என்ற பூனை அதைச் சட்டை செய்ததே இல்லை. வீட்டுக்கு டிஜிட்டல் டி.வி. வந்த அன்று எல்லாம் மாறிப்போயிற்று. கம்ப்யூட்டரில் வரைந்த புலியொன்று, மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிய, நேரே அவளைப் பார்த்தது. வாயில் கவ்விய மீன்தலையோடு சாம்பி சோபாவுக்கு அடியில் பாய்ந்தாள்.

“அத்தை, வெளியேதான் வாயேன்,” என்றது புலி.

“எதுக்கு? மீனைப் பிடுங்கவா? உன் உடம்புக்கு இது பல்லிடுக்கில் ஒட்டக்கூடப் பத்தாது, போ!”

“எனக்கு ஏது பசி? முடிமுடியா வரைஞ்சவங்க வயித்தை மட்டும் விட்டுட்டாங்க. அது வெளியே தெரியாதாம். சாப்பிடறதுன்னா எப்படி இருக்கும்னு பார்க்கணும், அவ்வளவுதான்.”

சாம்பிக்குப் பாவமாகிவிட்டது. மெல்ல வெளியே வந்தாள். ஆனாலும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடக் கூச்சமாக இருந்ததால், முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன்தலையைக் கடித்தாள்.

புலி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்தது.

“அத்தை, கொஞ்சம் தள்ளி உட்காரு. மறைக்குது.”