சோபாவுக்கு அடியில் இளமை

மேஜையிலிருந்து துள்ளிய இருபது முகப் பகடை சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடுகிறது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நாற்காலியை விட்டு எழுகிறார். கல்யாணமான புதிதிலிருந்து கணவனும் மனைவியுமாக பகடை உருட்டி ஆடிவரும் மாயாஜாலக் கதை ஆட்டத்தில் அவர் மந்திரவாதி. கதையை நடத்துகிறவள் அவள். கிழடுதட்டிப்போன மந்திரவாதி இப்போதுதான் இளமை மருந்தைக் குடித்திருக்கிறான். பத்துக்கு மேல் விழுந்தால் அவனுக்கு மறுபடி இருபது வயது. இல்லையென்றால் இன்றோடு ஆள் காலி. தரையில் விழுந்த பகடையைத் தொடாமல், போட்டவரே குனிந்து பார்க்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். மேஜையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, "அப்பாடா" என்று அவர் குப்புறப் படுக்கிறார். சாயங்கால வெயில் தரையோடு தரையாக சோபாவுக்கு அடியிலும் நுழைந்திருக்கிறது. தூசுக்கு நடுவே, என்றோ காணாமல் போன சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் பகடை மின்னுகிறது. "பதினேழு! பொழைச்சுட்டான்டி!" என்று கத்துகிறார். "உங்க பேச்சை நம்பி நான் ஏமாந்ததெல்லாம் போதும்" என்று அவளும் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கி, தோளோடு தோளாகப் படுத்து எட்டிப் பார்க்கிறாள். பதினேழேதான். இருவர் மூச்சிலும் தூசு கிளம்பி வெயிலில் சுழல்கிறது. உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்கிறது. அவர் கையை ஊன்றிப் பார்க்கிறார். முட்டி மசிவதாக இல்லை. கன்னத்தை மறுபடி தரையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். "இப்பத்தான் இருபது வயசாச்சே, ஓடிப்போய் அடுப்பை அணைங்க" என்கிறாள் அவள், தானும் எழுந்திருக்காமல்.