பச்சைதான் என்றேன்

காலையிலிருந்து ஒன்பதாவது முறையாக அறிவழகன் அந்தத் திருகைத் தொட்டான்.

மீன்தொட்டிக்கு அருகே தீயணைப்பான் போன்ற ஒரு சிறு உருளை நின்றது. அதிலிருந்து கரியமில வாயு மெல்லிய குழாய் வழியே தண்ணீருக்குள் இறங்கி, பொடிப்பொடிக் குமிழிகளாகச் செடிகளுக்குப் போய்ச் சேரும். நாம் வெளியே விடும் காற்றுதான் செடிக்குச் சோறு என்று முந்தாநாள் எனக்கே பாடம் எடுத்தான். உருளை வீட்டுக்கு வந்து மூன்றே நாள்.

"எத்தினி தபாடா அதையே திருகுவ? செத்த உக்காரு."

"ரெண்டு நாளு ஊர்ல இருக்க மாட்டேன் மாமா. சரியா வெச்சிட்டுப் போவணும்ல."

மறுநாள் காலை திருச்சியில் அவனுக்கு மருத்துவப் பரிசோதனை. ரயில் ஓட்டுநர் வேலை. தேர்வுகள் அனைத்திலும் வென்றுவிட்டான்; எஞ்சியிருந்தது ஒரு மருத்துவரின் கையெழுத்து. சிதம்பரத்திலிருந்து மாலை ரயில். பை வாசலில் இருந்தது. என் அக்காள் அமிர்தம், அவன் தாய், உள்ளே புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

அவனைவிட நான்தான் நிலைகொள்ளாமல் இருந்தேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

அந்தக் கையெழுத்தை நான் அறிவேன்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இதே வேலைக்கு, இதே பரிசோதனைக்குப் போனவன் நான். 'தகுதியற்றவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பினார்கள். காரணம் கேட்டேன். "கண்ணு" என்றார் கதவருகே நின்ற ஊழியர்.

என் கண்ணிலா குறை? புவனகிரிப் பாலத்தின் இக்கரையில் நின்று அக்கரைச் சுவரொட்டியைப் படித்தவன் நான்! விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் கூலி என்றிருந்தது. அதைப் பார்த்தார்கள், கதவை அடைத்தார்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அன்று பற்றிய நெருப்பு. என்னைப்போல் வேலை மறுக்கப்பட்டவர்களுக்காகக் கடலூர் முதல் கம்மாபுரம் வரை நான் ஏறாத மேடையில்லை. "ஆயிரம் பேரைச் சுமந்து, பச்சை விளக்கை நோக்கிப் பாய்கிற வண்டியை ஓட்ட வேண்டிய கை இது! ஒரு பேனா முனை இதை வெட்டியது!" என்று நான் வலக்கையை உயர்த்தினால் கூட்டத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. அந்த உரை துண்டறிக்கையாக நான்கு முறை அச்சேறியது.

இன்று என் அக்காள் மகன் அதே வாசலுக்குப் போகிறான்.

"காரணத்த எழுத்துல கேளு. வாயால சொன்னா உட்றாத," என்றேன், நான்காவது முறையாக.

தலையாட்டிவிட்டு, தங்கைக்காக எழுதிய தாளைத் தொட்டியின் மேல் ஒட்டினான். தொட்டிக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவை ஒட்டிக்கொண்டிருந்தது; உள்ளே, வாயுவின் அளவுக்கேற்ப நிறம் மாறும் கொஞ்சம் திரவம்.

'நீலமாக இருந்தால் வாயு போதவில்லை. பச்சை என்றால் சரி. மஞ்சளாகிவிட்டால் அளவு மீறிவிட்டது. மீன் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். உடனே மூடு.' மணிமணியான எழுத்து.

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு. செடி நல்லா வளர இன்னுங் கொஞ்சம் உடலாமா மாமா?"

குனிந்து பார்த்தேன். திரவம் பச்சையாக இருந்தது.

"பச்சைதான். தாராளமா உடு," என்றேன், மேடையில் பேசுகிற அதே உறுதியோடு.

திருகு இன்னும் கால் சுற்று திரும்பியது.

சற்று நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாருடா, உன்ன வழியனுப்ப எல்லாம் மேல வந்துட்டுதுங்க. மால போடறதுதான் பாக்கி."

சிரித்தான். அன்று அவன் சிரித்தது அப்போதுதான்.

கல்லூரியிலிருந்து அவன் தங்கை இசைவாணி உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அய்யய்ய, ரெண்டு பேரும் பாத்துக்கினே நிக்கிறீங்களே! மஞ்சளா கெடக்குது. கண்ணு அவிஞ்சா பூடுச்சி ஒனக்கு?"

அண்ணனைத் தள்ளிவிட்டுத் திருகை மூடினாள். காற்று மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் கொதிப்பதுபோல் குமுறியது.

"மஞ்சளா?" என்றான் அறிவழகன்.

நான் குடுவையைப் பார்த்தேன். பச்சை.

மேல்துண்டால் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பச்சை.

அவனும் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நிமிர்ந்தவன் தங்கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

இசைவாணி வாயில் இன்னொரு கேலி இருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தவள் அதை விழுங்கிவிட்டாள்.

மீன்கள் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கின.

மேடைகளில் நான் எடுத்துரைத்த பிறர் கதைகள் உண்மை. அவர்கள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட கதவுகள் உண்மை. என் கதைக்கு மட்டும் என் கண்ணைத் தவிர வேறு சாட்சி இருந்ததில்லை.

எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன்.

"அன்னிக்கி அந்த டாக்டரு ஒரு பொஸ்தகத்தக் காட்டுனாரு. பக்கம் பூரா கலர் கலரா புள்ளி. உள்ள இருக்கற நம்பரப் படின்னாரு. நம்பரே இல்லியே சார்னேன்." மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். "எளப்பமா நெனச்சி என்கிட்ட வெளையாடறாருன்னு நெனச்சேன்டா."

அறிவழகன் வாசலில் இருந்த பையைப் பார்த்தான்.

"அந்தப் பொஸ்தகத்த இன்னமும் காட்டுறாங்களா மாமா?"