மாமனார் கேஸ்

"உங்கப்பாவுக்குப் பூந்தமல்லியில் சின்ன வீடு இருக்கு," என்றாள் பத்மா.

லோகநாதன் சட்டைப் பித்தான் போடுவதை நிறுத்தினான். "அவர் இருக்கிற ஒரு வீட்டுக்கே நாம படாத பாடு படறோம். ஆதாரம்?"

ஆதாரம் இல்லாமல் பத்மா வாய் திறக்க மாட்டாள். ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு ஆரோக்கியம்மாளின் குக்கர் வெயிட் காணாமல் போனபோது, அரை மணியில் அதைக் குழந்தையின் சைக்கிள் மணிக்குள் கண்டுபிடித்தவள் அவள்தான். இருநூறு பக்க நோட்டில் ஒரு துப்பறியும் நாவலே எழுதி வைத்திருந்தாள்.

பத்திரிகைக்கு அனுப்பிய அந்த நோட்டு சித்திரை மாதம் திரும்பி வந்தது. அடுத்த வாரமே அலமாரியிலிருந்து மாயமாகிவிட்டது. இரண்டு வருஷ உழைப்பு. வேறு பிரதி கிடையாது.

சந்தேகம் மாமனார் பக்தவத்சலத்தின் மேல். ரிட்டையரான போர்மேன் அவர். பேக்டரியை விட்டு வந்ததும் வீட்டையே பேக்டரி ஆக்கிவிட்டார். காலையில் சங்கு ஊதினால் போதும், குழாய், ஸ்டவ், ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தட்டித் தட்டி இன்ஸ்பெக்‌ஷன் செய்வார்.

"பொம்பள திருட்டுக் கதை எழுதுனா ஊடு உருப்படுமா?" என்று பத்மாவின் காதுபடவே சொல்கிற ஆள். நோட்டு போன அன்றைக்கும், "பழைய பேப்பர்காரன் எத்துகினு பூட்டானோ இன்னாவோ," என்று சிரித்தார்.

லோகநாதன் பவுடர் டப்பா முழுவதையும் அலமாரி மேல் கொட்டிக் கைரேகை எடுத்துப் பார்த்தான். அவனுடைய ரேகைதான் கிடைத்தது.

"தினம் அஞ்சு மணிக்குச் சலவைச் சட்டை போடறார். பாக்கெட்டில் பூந்தமல்லி பஸ் டிக்கெட் இருக்கு. கேட்டா வாக்கிங்ன்றார். நேத்து ஒரு சீட்டு கிடைச்சது. 'ஜெயகுமாரி, 5.30'னு எழுதியிருக்கு. என் நோட்டை எங்கேயோ கடாசிட்டு, இவர் அங்கே..." பத்மா அந்தச் சீட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சமையலறையிலிருந்து மாமியார் நாகம்மா குரல் கொடுத்தாள். "போவட்டும். அந்தக் குழாய் தட்டுற கோலையும் எடுத்துகினு அங்கியே போவட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே வெளியே வந்தாள். "இன்னிக்கு நீ பின்னாடியே போவப் போறியா? இரு, நானும் வரேன். அவ எப்டி கீறான்னு பாக்கணும்."

அன்று சாயங்காலம் மாமனார் பஸ்ஸில் பின்படியில் ஏறினார். மருமகளும் மாமியாரும் முக்காடு போட்டுக்கொண்டு முன்படியில் ஏறினார்கள். பூந்தமல்லியில் இறங்கியவர், ஒரு ஜவுளிக்கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் விடுவிடுவென்று ஏறினார்.

மாடி வாசலில் ஒரு போர்டு தொங்கியது.

"இன்னாடி எழுதிகீது?" என்றாள் நாகம்மா.

"டைப் கிளாஸ்ன்னு போட்டிருக்கு, அத்தை."

உள்ளே ரிப்பன் கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பக்தவத்சலம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பக்கத்தில் பத்மாவின் நோட்டு விரிந்திருந்தது. வரி தப்பாமலிருக்க அதன் மேல் ஸ்கேல் வைத்திருந்தார்.

ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். "கிளாஸ்ல சேரணுமா? நான்தான் ஜெயகுமாரி டீச்சர்."

"இல்லை... அந்தப் பெரியவர்..." என்றாள் பத்மா.

"அவரா? நாலு மாசமா வர்றாரு. மருமவ எழுதின கதையாம். கையெழுத்து புரியலை, டைப் பண்ணி அனுப்புங்கன்னு பத்திரிகைல சீட்டு வெச்சாங்களாம். அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாம சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுச்சாம். இவரு பொறுக்கி ஒட்டி எடுத்துகினு வந்தாரு. நானே அடிச்சுத் தரேன்னேன். வாணாம்மா, நானே கத்துக்கறேன்னுட்டாரு."

பத்மா பிரமித்துப்போய் நின்றாள். அந்தச் சீட்டைப் பற்றி அவள் புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை. வீட்டில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத மனுஷன், இந்த வயசில், பேத்தி வயசுப் பெண்களோடு உட்கார்ந்து அவளுக்காக எழுத்துப் பழகியிருக்கிறார். நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பத்மாவுக்குக் கடைசி அத்தியாயம் ஞாபகம் வந்தது. மாமனாரோடு சண்டை போட்ட கோபத்தில் எழுதியது அது. கதையில் நகைகளைத் திருடுகிறவன் ஒரு ரிட்டையரான போர்மேன். வழுக்கை, நடை, பேச்சு எல்லாம் அச்சு அசல் இவர்தான்.

"கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டாரா?" என்றாள் மெதுவாக.

"அது நேத்தே முடிஞ்சுடுச்சு. இப்ப தப்பு வந்த பக்கத்தையெல்லாம் மறுபடி அடிக்கிறாரு. நேத்து அவருக்கு ஒரே சிரிப்பு. 'இந்தத் திருட்டுப் போர்மேன் நான்தாம்மா'ன்னு என்கிட்ட காட்டினாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. போர்மேனை எடுத்துட்டு வாட்ச்மேன்னு போட்டுடலாமே சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. என் மருமவ ஒரு ஆளை எடை போட்டா, அது தப்பாவே இருக்காது'ன்னாரு."