வரிசையின் கடைசி ஆள்

"அந்தக் கோடியில நிக்கிறாளே, அவ மட்டும் படத்துல வரக் கூடாது" என்று, குழுப் படத்துக்காக வரிசையாய் நின்ற தொழிலாளர்களைக் காட்டி மேனேஜர் புகைப்படக்காரியிடம் கிசுகிசுத்தார். தொழிற்சாலையின் அவசர வழி பூட்டியே கிடக்கிறது என்று புகார் கொடுத்த தையல்காரி அவள்.

"தள்ளி நிக்கச் சொல்லிடுங்களேன் சார்."

"சொன்னா மொத்த வரிசையும் நடையைக் கட்டிடும்மா. நீயே நைசா விட்டுடு. எங்க, அந்தக் கேமராத் திரையைப் போடு, நான் பார்க்கணும்."

"வெயில்ல திரை சரியா தெரியாது சார். கேமராவுக்குப் பின்னால இருக்கிற இந்தத் துவாரத்துல கண்ணை வெச்சுப் பாருங்க."

மேனேஜர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நீண்ட வரிசையில் எல்லாரும் இருந்தார்கள், அவளைத் தவிர. அப்பாடா என்றிருந்தது.

"சபாஷ்! அசைக்காம அப்படியே எடு."

மறுநாள் வந்த படத்தின் ஓரத்தில், தலை முதல் கால் வரை அவள் நின்றிருந்தாள்.

"என்னம்மா, கேமராவை நகர்த்திட்டியா?"

"இல்ல சார். இந்தக் கேமராவோட துவாரத்துல ஓரம் கொஞ்சம் தெரியாது, ஆனா படத்துல விழுந்துடும். திரையிலதான் முழுசும் தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமா சார்."

"மரியாதையா ஓரத்தை வெட்டிக் கொண்டா!"

"உங்களுக்கு மட்டும் வெட்டித் தர்றேன் சார். காலையிலேயே படம் வாங்கிட்டுப் போன தொழிலாளிங்க யாருமே வெட்டச் சொல்லல."