நல்லா வந்திருக்கு

கடைசித் தாளைப் படித்து முடித்தபோது ஆஸ்பத்திரி கேண்டீனில் அவன் வாங்கிய காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது.

நாவல் நன்றாக இல்லை.

நன்றாக இல்லை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். நாலாம் அத்தியாயத்தில் செத்து அடக்கமான நிலத்தரகர் அதற்கப்புறம் ஒருநாள் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறார். தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நாயகியின் பெயர் பாதியில் இந்திராணி என்று மாறிவிடுகிறது.

இந்திராணி, நாவலை எழுதிய தனுஷ்கோடியின் மனைவி.

தனுஷ்கோடி இப்படி எழுதுகிறவன் இல்லை. ஒரு கமாவுக்காக ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுகிறவன். இப்போது மூன்றாம் மாடியில் படுத்திருக்கிறான். மருந்து அவனை விட்ட நேரத்தில் எழுதியது இவ்வளவுதான்.

கல்லூரி நாளிலிருந்தே தனுஷ்கோடி எழுதுவதை முதலில் படிப்பது நண்பனான அவன்தான். அச்சுக்குப் போகும்முன் தாள்கள் அவன் வீட்டுக்கு வந்துவிடும். படித்து முடித்து, நேரில் போய், குறைகளைச் சொல்ல வேண்டும்.

குறைகளை மட்டும். பாராட்டுவதற்கு ஊரில் வேறு ஆள் இருக்கிறது, உன்னைக் கூப்பிட்டது அதற்கில்லை என்பது தனுஷ்கோடியின் கட்சி.

அவனும் அதற்கென்றே பிறந்தவன் மாதிரிதான். மதுரையில் எழுதுகிற பாதிப் பேர் அவனைத் தூரத்தில் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். போன மாதம் பரிசு வாங்கிய ஒரு நாவலுக்குப் பாராட்டுக் கூட்டம். அவன் எழுந்தான். நாயகி அழும்போதெல்லாம் மழை பெய்கிறதே, ஐப்பசி மாதம் முழுக்க அந்தப் பெண் என்ன பாடுபடுவாள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். முதலில் சிரித்தது நாவலாசிரியரின் மாமனார்.

அவனிடம் ஒரு முறையாவது நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. தனுஷ்கோடி அதில் சேர்த்தி இல்லை.

காலையில் வராந்தாவில் இந்திராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கேட்டத குடுத்துப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவருகிட்ட அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் காட்டிக்கிறாதீங்க. தெரிஞ்சா அன்னைக்கே உசுர விட்ருவாரு."

"சரிம்மா" என்றான்.

எல்லோரும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மகன் நடித்தான். நர்ஸ் நடித்தாள். சம்பந்தி வீட்டார் ஆப்பிளோடு வந்து, ஒரு மணி நேரம் நடித்துவிட்டு, காரில் ஏறி அழுதார்கள். இவன் ஒருத்தன் நடிப்பதற்கென்ன.

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு படியேறினான். இரண்டாவது மாடியில் நிற்க வேண்டியிருந்தது. தனுஷ்கோடியின் கையிலிருந்து இனி ஒரு நாவல் வராது. இந்த மோசமான நாவல்தான் கடைசி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

தனுஷ்கோடி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் அட்டை, அட்டையில் வெள்ளைத் தாள், கையில் பேனா. குறை கேட்க எப்போதும் அப்படித்தான் உட்காருவான்.

கை மட்டும் குச்சியாக இருந்தது.

"சொல்லுய்யா."

தரகர் அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டார். விழுங்கினான்.

"நல்லா வந்திருக்கு."

தனுஷ்கோடி காத்திருந்தான்.

"எங்கயும் கை வைக்க வேணாம்யா. அப்படியே அச்சுக்குக் குடுத்துரு."

குரல் பிசிறவில்லை. இதுவரை வந்து போன எல்லோரையும்விட நன்றாகவே நடித்துவிட்டோம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

தனுஷ்கோடி அவனையே பார்த்தான்.

பிறகு பேனாவை மூடினான். வெள்ளைத் தாளை எடுத்து, தலையணைக்கு அடியில் வைத்தான். கீழே யாரோ ஆட்டோக்காரரோடு பேரம் பேசும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளாம்?" என்றான்.

அவன் கையிலிருந்த தாள்களைக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

டாக்டர் சொல்லாதது, மகன் மறைத்தது, இந்திராணி கட்டிக் காத்தது எல்லாவற்றையும் ஒரே பாராட்டில் சொல்லி முடித்திருந்தான். பாவி, ஒரு குறையாவது சொல்லியிருக்கலாம்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனுஷ்கோடி மறுபடி கேட்கவில்லை.

இந்திராணி கஞ்சி டம்ளரோடு உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கதை எப்படி இருக்கு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தனுஷ்கோடி முந்திக்கொண்டான்.

"கிழிச்சுத் தொங்க விட்டுட்டான். ஒரு எடம் பாக்கி இல்ல. மொதல்ல இருந்து திருப்பி எழுதணுமாம்."

எத்தனையோ நாளைக்கப்புறம் இந்திராணி சிரித்தாள். அவனைப் பார்த்து, நன்றி சொல்வதுபோலத் தலையை அசைத்தாள்.

"எழுதலாம். மொதல்ல இந்த அல்சர் சரியாகட்டும்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு, கஞ்சிக்கு வாயைத் திறந்தான் தனுஷ்கோடி.